பற்சில்லும் பாரமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் போக்குவரத்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் புகையிரதத்திலிருந்தே தொடங்குவர். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பாதை 1902இல் திறக்கப்பட்டமையும், 1905இல் அது தெற்கே அநுராதபுரத்துடன் இணைக்கப்பட்டமையும், அதன் வழியே சுருட்டும் உத்தியோகம் தேடிய இளைஞரும் கொழும்பு நோக்கிச் சென்றமையும் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளன. அடுத்து 1958 ஜனவரி 1ஆந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியமை பேசப்படும். துவிச்சக்கரவண்டிக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் அதுவே அதிகம். புகையிரதத் திணைக்களம் ஆண்டறிக்கை எழுதியது. சைக்கிளோ எந்த அறிக்கையையும் எழுதவில்லை. ஆவணம் உள்ளதை மட்டுமே வரலாறாகக் கொள்ளும் பழக்கத்தின் விளைவே இது என நாம் கருதுகின்றோம்.

ஆயின் சைக்கிள் ஆவணமே அற்றதொன்றன்று. அதன் முன்பற்சில்லிலும் பின்பற்சில்லிலும் உள்ள பற்கள் எண்ணத்தக்கவை. அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள விகிதம், அவ்வண்டியை ஆக்கியோர் எத்தகைய மனிதனை, எத்தகைய தெருவை, எவ்வளவு பாரத்தை மனத்திற்கொண்டு ஆக்கினர் என்பதைக் கூறிவிடும். பின்னர் அவ்வெண்கள் மாற்றப்பட்டிருப்பின், மாற்றியவனின் தேவையையும் அவை கூறும். வழக்கில் 'கியர்' எனப்படும் இக்கணக்கை அடிப்படையாகக் கொண்டு குடாநாட்டு உழைப்பு வரலாற்றின் ஒரு சிறு கூறினை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசையையும் தூரத்தையும் ஒன்றுக்கொன்று பண்டமாற்றுச் செய்யும் இவ்வுபாயம் சைக்கிளுடன் இங்கு வந்ததன்று. யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளில் ஆடுகாலின்மேல் நின்ற துலா இதே கணக்கின் வேறொரு வடிவம். ஒருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடக்க, கிணற்றடியில் நின்றவர் பட்டையைக் கவிழ்ப்பார். அச்சிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தால் எவ்வளவு நீர் எழும் என்பதைத் துலா மிதித்தவரின் கால்கள் அறிந்திருந்தன. அது நூலில் எழுதப்படவில்லை. மிதித்தோரிற் பலர் நிலமற்ற கூலியாளராயிருந்தமையும், எழுத்தறிவு அவர்களுக்கு எட்டாதவாறு சாதியமைப்பு பார்த்துக்கொண்டமையும் அதற்குக் காரணங்களாகும். மண்ணெண்ணெயில் ஓடிய நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபோது துலா மறைந்தது; அவ்வறிவும் உடன் மறைந்தது. சைக்கிளுக்கும் அது நிகழலாம் என்ற எண்ணமே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

சைக்கிளின் கணக்கு இங்கிலாந்தில் வகுக்கப்பட்டது. ஜேம்ஸ் ஸ்டார்லி 1870இல் ஆக்கிய 'ஏரியல்' முதலான உயர்சில்லு வண்டிகளில் மிதிகள் முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. மிதி ஒரு முறை சுற்றினால் சில்லும் ஒரு முறையே சுற்றும். ஆகவே விரைந்து செல்ல விரும்பியவன் பெரிய சில்லைத் தேடினான். அவனுடைய காலின் நீளமே எல்லையாயிற்று. 1880இல் ஹான்ஸ் ரெனோல்ட் உருளைச் சங்கிலியைச் செப்பஞ்செய்தார். 1885இல் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் 'றோவர்' வண்டியை வெளியிட்டார். சில்லின் பருமனும் வேகமும் அத்துடன் ஒன்றிலிருந்து ஒன்று விடுபட்டன. எனினும் பழைய அளவை போகவில்லை. ஒரு வண்டியின் கியரைக் கூறும்போது, 'அது எத்தனை அங்குல உயர்சில்லுக்கு நிகரானது' என்றே ஆங்கிலேயர் கூறினர். பின்சில்லின் விட்டத்தை முன்பற்சில்லின் பற்களாற் பெருக்கிப் பின்பற்சில்லின் பற்களால் வகுத்தால் வருவது அந்த அளவு. மறைந்துபோன வண்டியின் பருமனைக் கொண்டு இருக்கும் வண்டியை அளக்கும் இவ்வழக்கம் இன்றுவரை நிலைத்திருப்பது ஒரு வேடிக்கையே.

குடாநாட்டில் நெடுங்காலம் பழக்கத்திலிருந்த றலி, ஹம்பர் போன்ற நொட்டிங்காம் வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 28 அங்குலச் சில்லு. முன்னே 46 பற்கள், பின்னே 18 பற்கள் என்பது இவ்வகை வண்டிகளிற் பெருவழக்கான ஓரமைப்பு. 46ஐ 18ஆல் வகுக்க 2.56 வரும். 28 அங்குலத்தால் அதனைப் பெருக்க 71.6 அங்குலம். சில்லின் பரிதி ஏறக்குறைய 2.23 மீற்றர் ஆதலால் மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 5.7 மீற்றர் செல்லும். நிமிடத்துக்கு 60 முறை மிதிப்பவன் மணிக்கு 20 கிலோமீற்றருக்குச் சற்று மேலே செல்வான். தனியாளாக, நல்ல தார்த்தெருவில், காற்றில்லாத காலையில் வேலைக்குச் செல்லும் ஒருவனுக்கு இது பொருத்தமான விகிதம். நொட்டிங்காம் பொறியியலாளர் கற்பனைசெய்த மனிதன் ஏறக்குறைய அவன்தான்.

விசைக் கணக்கு இதன் மறுபக்கம். மிதிதண்டின் நீளம் 6.5 அங்குலம், சில்லின் ஆரை 14 அங்குலம். மேற்கூறிய விகிதத்தில் மிதியில் 10 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையைச் செலுத்தினால் சில்லின் விளிம்பில் கிடைப்பது 1.8 கிலோகிராம் மட்டுமே. பாடசாலைப் பௌதிகத்தில் கப்பிகளைக் கொண்டு 'பொறிமுறை நயம்' கற்பித்த ஆசிரியர்கள், அந்நயம் ஒன்றிலும் குறைந்த பொறியொன்றிலேயே வகுப்புக்கு வந்தனர் என்பதை எத்தனை மாணவர் கவனித்திருப்பர் என நாம் வியந்ததுண்டு. சைக்கிள் விசையைப் பெருக்கும் பொறியன்று; விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும் பொறி. ஆகவே பாரம் கூடும்போது அதன் இயல்பே பாரம் சுமப்பவனுக்கு எதிராக நிற்கின்றது.

குடாநாடு சமதரையாதலின் இங்குக் கியர் பற்றிய கவலை இல்லை எனச் சிலர் கூறக்கூடும். அது தவறு. இங்குள்ள ஏற்றம் காற்றேயாகும். சோளகக் காலத்தில் வல்லைவெளியையோ பண்ணைத் தாம்போதியையோ பொன்னாலைப் பாலத்தையோ காற்றுக்கு எதிராகக் கடந்தவர் இதனை மறுக்கமாட்டார். காற்றின் தடை சார்புவேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவது. செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் மிதிப்பவனுக்கு எதிரே 6 மீற்றர் வேகத்திற் காற்று வீசுமாயின், சார்புவேகம் 10 மீற்றராகும். தடை ஆறு மடங்குக்கு மேலாகும். நிமிர்ந்திருந்து ஓட்டும் ஒருவனுக்கு இவ்வதிகரிப்பு ஏறக்குறைய 3 கிலோகிராம் விசை. வண்டியும் ஆளும் 80 கிலோகிராம் எனின், 25 அடிக்கு 1 அடி உயரும் மலைப்பாதையில் ஏறுவதற்கு அது சமானம். மலைநாட்டு ஏற்றத்துக்காவது மறுபுறம் இறக்கம் உண்டு. வல்லைவெளியில் மாலையில் திரும்பும்போது காற்று உதவும் என்பது உண்மையே. ஆனால் அப்போது பெட்டியில் பாரம் இருப்பதில்லை.

இதற்கு ஆலைகள் வழங்கிய தீர்வு சில்லின் குடத்துக்குள் அடங்கிய மூன்று வேகக் கியர். 1902ஐ ஒட்டிய ஆண்டுகளில் நொட்டிங்காமில் ஸ்டேர்மி, ஆர்ச்சர் என்போரின் பெயரால் தோன்றிய இப்பொறி, 1930களின் பிற்பகுதியில் வெளிவந்த 'ஏ. டபிள்யூ.' என்னும் வகையிற் செம்மை பெற்றது. நடுவே அசையாது நிற்கும் பற்சில்லில் 20 பற்கள். அதனைச் சுற்றிவரும் சிறு சில்லுகளுக்கு வெளியே உள்ள வளையத்தில் 60 பற்கள். 20ஐ 60ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வருவது மூன்றில் நான்கு. அவ்வளவுக்கு வேகத்தைக் கூட்டவோ, திருப்பிப் பூட்டி நான்கில் மூன்றாகக் குறைக்கவோ இயலும். 71.6 அங்குல வண்டி ஒன்று 53.7, 71.6, 95.4 என்னும் மூன்று வண்டிகளாகிவிடும். நேர்த்தியான ஆக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது விலை கூடியது. உட்பகுதி உடைந்தால் உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது இத்தகைய பொருள்கள் சாதாரண மக்களுக்கு மேலும் எட்டாதனவாயின. இதே கட்டுப்பாடுகள் குடாநாட்டு வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்கு நல்விலை பெற்றுத் தந்தன என்பதையும் இங்கு மறத்தலாகாது.

பாரம் ஏற்றுவோருக்கு உகந்த வழி வேறு. பின்பற்சில்லை மட்டும் பெரிதாக்குவதே அது. 18 பற்களுக்குப் பதிலாக 22 பற்கள் கொண்ட பிறீவீலைப் பூட்டினால் விகிதம் 2.09ஆகக் குறையும், ஒரு மிதிக்கு 4.7 மீற்றர், 10 கிலோகிராம் மிதிவிசைக்கு விளிம்பில் 2.2 கிலோகிராம். பின்சில்லின் அச்சை அரை அங்குலம் முன்தள்ள இடமிருந்தால் சங்கிலியை வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை. இடமில்லையேல் சங்கிலியில் ஓர் அங்குலம் சேர்க்க வேண்டும். சந்திகளில் இருந்த திருத்தும் கடைக்காரர் இதனைப் பென்சிலும் தாளும் இன்றிச் செய்யவல்லவர். அவர் கேட்பது ஒரு கேள்விதான்: வண்டியில் என்ன ஏற்றுவது?

அக்கேள்வி ஒரு வர்க்கக் கேள்வியுமாகும். கந்தோருக்கும் கல்லூரிக்கும் சென்றவரின் வண்டியில் கரியர் ஒரு புத்தகக் கட்டுக்கோ ஒரு பிள்ளைக்கோ உரியது. கரையோரத்திலிருந்து மீன்பெட்டி கட்டி உள்ளூர்ச் சந்தைகளுக்கு விரைந்தவரும், பாண்பெட்டியுடன் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தவரும், விறகு கட்டிவந்தவரும் அதே நொட்டிங்காம் சட்டகத்தை முற்றிலும் வேறொரு பொறியாகப் பயன்படுத்தினர். அவர்களுள்ளும் தேவை ஒன்றன்று. மீன் காத்திருக்காது, ஆகவே மீன் வியாபாரிக்கு வேகம் வேண்டும், உயர்ந்த விகிதத்தை அவர் கைவிடத் தயங்குவார். விறகு காத்திருக்கும்.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதுடன் நிலைமை அடியோடு மாறிற்று. புகையிரதம் நின்றது, அது யாழ்ப்பாணத்துக்கு மீண்டது 2014 ஒக்ரோபரிலேயே. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், மின்கலம் உட்படப் பல பொருள்கள் பொருளாதாரத் தடைக்குள்ளாயின. ஆனையிறவுப் பாதை மூடப்பட, கொம்படி, ஊரியான் வழியாகவும் பின்னர் கிளாலிக் கடனீரேரி வழியாகவுமே மக்களும் பொருள்களும் போக்குவரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. முன்னர் லொறி செய்த வேலையின் பெரும்பகுதி சைக்கிளின்மேல், அஃதாவது மனித உடலின்மேல், இறங்கிற்று.

எவ்வளவு இறங்கிற்று என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆள் 60 கிலோகிராம், வண்டி 20, பாரம் 100 எனக் கொள்வோம். நல்ல தெருவில் உருளல் தடை நிறையின் நூறில் ஒரு பங்கு எனின் 1.8 கிலோகிராம் விசை வேண்டும். மிதியில் அது சராசரி 10 கிலோகிராம். குண்டும் குழியுமான தெருவில், மணல் மூடிய ஒழுங்கையில், அத்தடை மும்மடங்காகும் எனக் கொண்டால் மிதியில் வேண்டுவது சராசரி 30 கிலோகிராம். ஆனால் கால் ஒரு சுற்று முழுவதும் சமமாக அழுத்துவதில்லை. மிதி மேலும் கீழுமாக நிற்கும் இடங்களில் விசை வீணாகும். ஆகவே உச்ச விசை சராசரியின் ஒன்றரை மடங்குக்கு மேலாக, 47 கிலோகிராம் அளவுக்குச் செல்லும். ஓட்டுபவனின் முழு நிறையே 60 கிலோகிராம். ஒவ்வொரு மிதிக்கும் அவன் இருக்கையை விட்டெழுந்து தன் உடலின் பெரும்பகுதியை மிதியின்மேற் போட வேண்டும் என்பதே இதன் பொருள். 22 பற்களுடன் இவ்வுச்சம் 38 ஆகக் குறையும். அந்த நான்கு பற்கள் அற்ப விடயமல்ல. முழங்கால் பத்தாண்டு தாங்குமா, ஐந்தாண்டு தாங்குமா என்பது அவற்றில் தங்கியிருந்தது.

மோட்டார் வண்டிகளிலும் இதே கணக்கு வேறொரு முகத்தைக் காட்டியது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய ஆங்கிலக் கார்கள் குடாநாட்டில் நெடுங்காலம் வாடகைக்கு ஓடியவை. தடைக்காலத்தில் அவை மண்ணெண்ணெய்க்கு மாறின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின்னரே மாற்றுவர். எரிபற்று நிலை தாழ்ந்த எண்ணெயாதலால், இயந்திரம் மெதுவாகச் சுழன்றுகொண்டு பாரம் இழுக்கும்போது தட்டும் ஓசை எழும். இங்கேயே கியர் விகிதம் குறுக்கிடுகின்றது. மொறிஸ் மைனரின் 1098 கனசென்ரிமீற்றர் வகையில் பின்னச்சில் 9 பற்களுக்கு 38 பற்கள், விகிதம் 4.22. நாலாங் கியர் நேரியக்கமாதலால் இயந்திரம் 1000 சுற்றுச் சுழல வண்டி மணிக்கு ஏறக்குறைய 26 கிலோமீற்றர் ஓடும். 30 கிலோமீற்றரில் இயந்திரம் 1150 சுற்றளவிலேயே திணறும். மூன்றாங் கியருக்கு இறக்கினால், 1.41 மடங்காக, 1600 சுற்றுக்கு மேலே சென்று ஓசை அடங்கும். ஆகவே மண்ணெண்ணெய்க் கார் ஓடவேண்டியது மூன்றாங் கியரில். அதனால் எண்ணெய்ச் செலவு கூடும்; எரியாத மண்ணெண்ணெய் உராய்வுநீக்கி எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும்; இயந்திரம் விரைவில் தேயும். இவற்றை எல்லாம் அறிந்தே சாரதிகள் ஓட்டினர். அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை.

அக்காலத்தின் இன்னொரு பற்சில்லுக் கணக்கு டைனமோ. மின்கலம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டனர். டைனமோவின் உருளை ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் விட்டமுடையது. ரயரின் பக்கத்தில் உருளும்போது சில்லின் ஒரு சுற்றுக்கு அது 30 சுற்றுக்குமேற் சுழலும். மிதிக்கும் சில்லுக்கும் இடையிலான 2.56ஐயும் சேர்த்தால், கையின் ஒரு சுற்றுக்கு டைனமோ 80 சுற்றளவு. கிடைப்பது 6 வோல்ற், 3 வாற். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க இருவாயிகள் வேண்டும். மூன்று வாற் என்பது சிறுபிள்ளையின் கைக்கும் இயலும் வலு. கடினம் அதில் இல்லை. செய்தி முடியும்வரை ஒரே வேகத்திற் சுற்றவேண்டும் என்பதிலேயே கடினம் இருந்தது. கை தளர்ந்தால் பி.பி.சி. தமிழோசையின் குரலும் தளரும். எந்த ஊரில் எறிகணை விழுந்தது என்பதை அறிய ஒருவர் சுற்ற, அயலவர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தவரைக் கண்டுபிடிப்பாளராக்கிற்று எனப் பெருமிதத்துடன் கூறும் எழுத்துகள் பலவற்றை நாம் கண்டுள்ளோம். அப்பெருமிதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மேலே தந்த எண்களை வைத்து நோக்கின் அது முழுமையற்ற பார்வையாகும். பற்சில்லு எங்கும் வலுவை ஆக்குவதில்லை. இருப்பதைப் பங்கிடுவது மட்டுமே அதன் தொழில். லொறியின் டீசல் செய்த வேலையை எத்திறமையாலும் சோற்றிலும் கஞ்சியிலும் இருந்து எடுக்கவேண்டியிருந்தது. அதனை எடுத்தவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் பாரம் ஏற்றிய ஏழைகள். கண்டுபிடிப்பின் புகழ் சமூகம் முழுவதற்கும் சேர்ந்தது, முழங்கால் வலி அவர்களுக்கே சேர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்திலிருந்து பல இலட்சம் மக்கள் தென்மராட்சி நோக்கி வெளியேறியபோது, செம்மணி, நாவற்குழி வழியில் சைக்கிள்களை எவரும் மிதிக்க முடியவில்லை. வீட்டுப் பொருள்களையும் முதியோரையும் ஏற்றி, நெரிசலில் தள்ளிக்கொண்டே சென்றனர். அங்கு எந்த விகிதமும் பயன்படவில்லை.

பெண்கள் பற்றியும் ஒரு சொல். பஸ் வண்டிகள் அருகிய அதே ஆண்டுகளில் பெண்கள் சைக்கிளிற் செல்வது குடாநாட்டில் அன்றாடக் காட்சியாயிற்று. பலர் ஓட்டியது குறுக்குச் சட்டம் அற்ற, 26 அங்குலச் சில்லுடைய வண்டி. அதே 46க்கு 18 பற்களுடன் அது 66 அங்குலக் கியரே தரும். மெதுவானது எனினும் காற்றுக்கும் பாரத்துக்கும் அதுவே இணக்கமானது. ஆண்களின் 28 அங்குல வண்டியே 'உண்மையான' சைக்கிள் என்ற மதிப்பீடு பாரக் கணக்கில் எடுபடாது.

இவ்வறிவு ஏன் எழுத்தில் வரவில்லை என்பது எஞ்சி நிற்கும் வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிலாக்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் இங்குப் புதிதன்று. பிற்காலத்தில் தாய்மொழிக் கல்வியுடன் 'பற்சில்லு', 'ஆரை', 'வலு' முதலிய கலைச்சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றன. தமிழ்நாட்டில் பல்லிணை, பற்சக்கரம் என வழங்கியதை நாம் பற்சில்லு என வழங்கினோம். ஆனால் பாடநூலின் பற்சில்லு படத்திலேயே நின்றது. சந்தியிலிருந்த கடையில் அதன் பெயர் கியர், பிறீவீல். வகுப்பறை கடைக்குச் செல்லவில்லை. கடைக்காரரை எவரும் வகுப்பறைக்கு அழைக்கவில்லை. கையால் உழைப்போரின் அறிவை அறிவாக மதியாத சமூகத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே.

2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின், இடையில் 2006இல் மீண்டும் மூடப்பட்டபோதிலும், மோட்டார்ச் சைக்கிள்கள் குடாநாட்டில் பெருகின. பழைய 28 அங்குல வண்டிகள் பல இரும்புக் கடைக்குச் சென்றுவிட்டன. எஞ்சியவற்றைக் காணுமிடத்து எமது மாணவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: முன்பற்களையும் பின்பற்களையும் எண்ணிக் குறித்து, அவ்வண்டி எவருடையது, எதனை ஏற்றியது, பிறீவீல் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பவற்றை உடையவரிடம் கேட்டு எழுதுதல். முன்பற்களின் ஒரு பக்கம் கொக்கிபோலத் தேய்ந்திருப்பின் அது நெடுங்காலம் பாரத்தின்கீழ் இழுபட்டது எனக் கொள்ளலாம். 46க்கு 18 என நின்ற வண்டியும் 46க்கு 22 என நின்ற வண்டியும் ஒரே வளவில் இருந்தால், இரண்டையும் எவரெவர் ஓட்டினர் என்பதைத் தனித்தனியே குறித்தல் வேண்டும்.